தட்டுவதற்கு ஒரு கதவு

"ரம்பத்தைக் கீழ வைண்ணே. அந்த விட்டத்தை அப்பா உனக்கு மட்டும் வெட்டிப் போடல."

"என் பாதியத்தான் அறுக்கிறேன்."

"பாதி விட்டத்துல கூரை நிக்குமா? பாதிக் கோழி முட்டை போடுமா?"

"நிக்கலேன்னா உன் பாதிய நெருப்பு தின்னுட்டுப் போகட்டும். எனக்குப் பொண்ணு இருக்கு, பொண்டாட்டி இருக்கு. உனக்கு என்ன இருக்கு? ஒரு நாற்காலி. அதுலயும் ஒரு கால் ஆடுது."

சிரினோவும் அவர் தம்பி நுன்சியோவும் கூரைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்ட பேச்சு இது. பேச்சு என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். கோஸ்தாவில் மொத்தமே ஐந்து வீடு. ஐந்து வீட்டுக்காரர்களும் கீழே நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவுக்கே ரொட்டி சுடும் அடுப்பு என் வீட்டில்தான் இருக்கிறது. அன்றைக்கு மாவு பொங்கி வழிந்து புளித்தே போனது. நான் உள்ளே போகவில்லை. ரொட்டி நாளைக்கும் சுடலாம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே முகட்டு விட்டம். கஷ்கொட்டை மரத்தில் இழைத்த, முப்பத்தாறு அடி நீள விட்டம். அவர்கள் அப்பா சாகும்போது வீட்டைப் பிரித்துக் கொடுத்தார், விட்டத்தைப் பிரிக்க மறந்துவிட்டார். இருபது வருஷம் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எரிமலை வாயைத் திறந்த ஆறாவது நாள்தான் அந்தக் கவலை வந்தது.

போர் முடிந்து ஐந்தாவது வருஷம் அது. மேலே காட்டுக்கு நடுவில் மலை பிளந்து, நெருப்புக் குழம்பு இறங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளம் என்றால் ஓடிவிடலாம். இது ஒரு கழுதை படுத்துக்கொண்டே வந்தாலும் அதற்குப் பிந்தித்தான் வரும். ஆறு நாளாக வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. காலையில் எழுந்தால் நேற்று தெரிந்த ஒரு மரம் இன்றைக்குத் தெரியாது. பீங்கான் தட்டுகளைச் சாக்கில் கட்டி யாரோ தரையோடு இழுத்து வருகிற மாதிரி ஒரு சத்தம், இரவும் பகலும். கூரையில் கரி மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. யோசிப்பதற்கு எங்களுக்கு வேண்டிய நேரம் இருந்தது, அதுதான் கேடு.

நெருப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கதவு, ஜன்னல், ஓடு, விட்டம் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டு, வெறும் சுவரை நெருப்புக்கு விட்டுவிடும். இன்னொரு கட்சி தரையைக் கழுவும், நல்ல விரிப்பை எடுத்து மேசையில் போடும், ஒரு ரொட்டியும் ஒரு குவளை ஒயினும் வைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுப் போகும். மலை விருந்தாளியாக வருகிறாள், வயிறு நிறைந்தால் திரும்பிப் போய்விடுவாள் என்பது கணக்கு. இரண்டு கட்சிக்கும் உதாரணம் காட்ட ஆள் உண்டு, இரண்டு கட்சியிலும் வீடு போனவர்களும் உண்டு. ஒரே விட்டத்தின் கீழ் இரண்டு கட்சியும் குடியிருந்தது கோஸ்தாவில் மட்டும்தான்.

அண்ணன் கழற்றுகிற கட்சி. தம்பி விரிப்புப் போடுகிற கட்சி. நுன்சியோவிடம் நல்ல விரிப்பு கிடையாது, என்னிடம்தான் வாங்கிப்போனார். மடிப்புக் கலையாமல் திருப்பித் தருகிறேன் என்று சத்தியம் வேறு.

சிரினோ விட்டத்தை அறுத்தார். நடுச்சுவருக்கு நேராக, அளவு பார்த்து, தச்சன் மாதிரி. கடைசி நார் அறுந்தபோது கூரை ஒரு முனகல் முனகியது பாருங்கள், என் வயிற்றில் கேட்டது அது. நுன்சியோ தன் பாதியின் நுனிக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார்.

கழற்றியதெல்லாம் எங்கே போனது என்றால், ஓடைக்கு அக்கரையில் ஃபோஸ்ஸாவுக்கு. அங்கேதான் சிரினோவின் மகள் வெனெராவை நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒராசியோ பீப்பாய் செய்கிறவன், நீண்ட கைகால், பேச்சுக் குறைவு. அவன் அம்மா மெல்கியோரா விதவை. கடவுளே கையில் கொடுத்தாலும் பானையைத் தட்டிப் பார்ப்பது மாதிரித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். ஓடையில் இறங்கி ஏறினால் பத்து நிமிஷம். அவள் மகனைத் திட்டினால் நாங்கள் இங்கிருந்தே கேட்போம். ஃபோஸ்ஸா உயரத்தில் இருக்கிறது, அங்கே நெருப்பு ஏறாது என்று சிரினோ முன்கதவு, பின்கதவு, ஜன்னல்கள், ஓடுகள், பாதி விட்டம் எல்லாவற்றையும் சம்பந்தி முற்றத்தில் கொண்டுபோய் அடுக்கினார். ஜன்னல் இல்லாத சுவரும், ஓடையோரத்து ஹேசல் கொட்டை மரத் தோப்பும்தான் இந்தப் பக்கம் மிச்சம். அந்தப் பாதி வீடும் அந்தத் தோப்பும்தான் வெனெராவுக்குச் சீதனம்.

வியாழக்கிழமை நெருப்பு தோப்புக்கு வந்தது. நாங்கள் கீழே திராட்சைக் கொல்லைச் சுவரில் நின்று பார்த்தோம். ஹேசல் மரங்கள் உடனே எரியாது. முதலில் நடுங்கும், இலை எல்லாம் ஒரே பக்கம் சுருளும், பிறகு ஒவ்வொன்றாக உச்சியில் தீ எழுந்து நிற்கும், மெழுகுவர்த்தி ஏற்றின மாதிரி. சிரினோ ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி அக்ரிப்பினா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தாள். வெனெரா அக்கரையைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். வீட்டுக்குப் பின்னால் பாறை மேடு ஒன்று உண்டு, ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லாதது. நெருப்பு அதன்மேல் முட்டி நின்றது. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்று உயர்ந்தது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கை எங்கள் வீடுகளைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. இன்னொரு கை ஓடைக்குள் இறங்கியது.

சனிக்கிழமை திரும்பி வந்தபோது ஐந்து வீடும் நின்றன. ஆனால் நாங்கள் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. குனிந்து பார்த்த ஓடை இருந்த இடத்தில், நிமிர்ந்து பார்க்கிற கறுப்புச் சுவர். என் ஜன்னலைவிட உயரம். அதற்குப் பின்னால் ஃபோஸ்ஸா என்று ஒன்று இருக்கிறது என்பதை நம்பினால் உண்டு. எங்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்த அக்கரைக் கோயில் மணி, சுவர் வந்த நாளிலிருந்து கேட்கவே இல்லை. வாடைக்காற்று நின்றுபோனது. தெரு நவம்பரில் அடுப்பங்கரை மாதிரிக் கொதித்தது. கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று வந்தது. துணி துவைக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குடிக்கும்போது ஏதோ ஒரு மிருகத்தின் மூச்சைக் குடிக்கிற மாதிரி இருக்கும். என் வீட்டு அத்தி மரம் மாதம் தெரியாமல் துளிர்விட்டது. அதைப் பார்த்து ஒருத்தருக்கும் சந்தோஷம் வரவில்லை. மழை பெய்தால் அந்தச் சுவர் முழுக்கப் புகைந்தது. உள்ளே அவள் இன்னும் தூங்கவில்லை என்று அர்த்தம்.

நுன்சியோ மேசையை ஊருக்கே திறந்து காட்டினார். விரிப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. ரொட்டி கல். ஒயின் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது.

"குடிச்சிருக்கா பாருங்க," என்றார். "மரியாதை தெரிஞ்சவ."

சூட்டில் வற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. என் விரிப்பைப் பற்றி மட்டும் கேட்டேன்.

ஆக, விரிப்புப் போட்டவருக்குக் கூரை இருந்தது. கழற்றினவருக்கு ஆகாசம் இருந்தது. கதவும் ஓடும் பத்து நிமிஷத்துக்கு அப்பால், பத்து வருஷம் ஆனாலும் போகமுடியாத இடத்தில் இருந்தன. அக்ரிப்பினாவும் வெனெராவும் கொழுந்தன் பக்கம் படுத்துக்கொண்டார்கள். சிரினோ வரமாட்டேன் என்றுவிட்டார். கூரையில்லாத தன் பாதியில் வண்டித் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். காலையில் எழுந்து வரும்போது புருவத்தில்கூடச் சாம்பல். நுன்சியோ சுவருக்கு இந்தப் பக்கம் வேண்டுமென்றே சத்தமாகக் குறட்டை விடுவார் என்பது அக்ரிப்பினா என்னிடம் சொன்னது.

இப்போது எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நிச்சயமான பையன் ஒவ்வொரு ஞாயிறும், சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள், பெண் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து அப்பா, யாரு என்று கேட்பார். யார் என்று அவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், இருந்தாலும் கேட்பார். பையன் பெயரைச் சொல்வான். கதவு திறக்கும். அவன் கதவோரத்து நாற்காலியில், பெண் அந்தக் கோடியில். ஒரு ஞாயிறு வராவிட்டால் காய்ச்சல் என்போம். இரண்டு ஞாயிறு வராவிட்டால் என் அடுப்பங்கரையில் பேச்சு வந்துவிடும். மூன்றாவது ஞாயிறும் வராவிட்டால் கொடுத்த வாக்கு அறுந்தது, பெண் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம், பஞ்சாயத்து கிடையாது. எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம், அதனால் யாராலும் திருத்த முடியாது.

முதல் ஞாயிறு சிரினோ சவரம் செய்துகொண்டு, தொப்பி வைத்து, கூரையில்லாத அறையில் வெறும் வாசல் நிலையைப் பார்த்து உட்கார்ந்தார். வெனெரா அந்தக் கோடியில். நான் எதிர் ஜன்னலில் பட்டாணி உரித்தேன், உரித்ததையே திரும்ப உரித்தேன். சூரியன் போனது. யாரும் வரவில்லை.

"எப்படி வருவான்? பறந்தா?" என்றாள் அக்ரிப்பினா.

"மனசிருந்தா வருவான். தோப்பு போச்சு, மனசும் போச்சு. அந்தம்மாவை எனக்குத் தெரியாதா?" என்றார் சிரினோ.

உண்மையில் அவருக்குப் பயம். தோப்பை மலை வாங்கிக்கொண்டது, கூரையை அவரே கழற்றிவிட்டார், இதில் மாப்பிள்ளையும் போய்விட்டான் என்று தம்பி சிரித்தால் எங்கே முகத்தை வைப்பது? அவர்களாக விடுவதற்கு முன்னால் தானாக விட்டுவிட வேண்டும் என்று ஞாயிற்றை எண்ணத் தொடங்கிவிட்டார். பெண்ணின் வாழ்க்கை அப்பாவின் தொப்பிக்குள் மாட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை கருவாட்டுக்காரர் வந்தார். கீழ்ச்சாலைப் பாலத்தருகே நெருப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததால் சிப்பாய்கள் மறித்திருந்தார்கள். மேலூர்க்காரர்கள் யாரையும் விடுவதில்லை. விட்டால் வீட்டைப் பார்க்கிறேன் என்று போய்ச் சாவார்கள் என்று. வியாபாரச் சீட்டு இருந்ததால் இவர் மட்டும் கடற்கரை வழியாகச் சுற்றி, ஒன்றரை நாள் நடந்து, இரண்டு கரைக்கும் போய்வந்தார். நெத்திலியோடு மெல்கியோராவின் சேதியும் கொண்டுவந்திருந்தார்.

"மெல்கியோராம்மா சொல்லச் சொன்னாங்க," என்றார். "உங்க கதவு அவங்க முற்றத்துல இருக்காம். ஞாயித்துக்கிழமை பையன் குளிச்சுட்டு வந்து அந்தக் கதவத் தட்டினானாம். பொண்ணு வீட்டுக் கதவைத்தான தட்டணும், தட்டியாச்சு, கணக்குல வச்சுக்கச் சொன்னாங்க."

ஐந்து வீட்டிலும் அன்றைக்குச் சிரிப்பு. நுன்சியோ கூரையிலிருந்து மணல் தள்ளிக்கொண்டே, "அண்ணே, தட்டும்போது நீ இங்கிருந்து 'யாரு'ன்னு கேட்டிருக்கணும்," என்றார். பேச்சை நிறுத்திய பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சிரினோ சிரிக்கவில்லை. கதவு இருக்கிற இடம் வாசல் ஆகாது, வாசல் இருக்கிற இடத்தில்தான் தட்ட வேண்டும் என்று சேதி அனுப்பினார்.

இரண்டாவது ஞாயிறும் போனது. அவன் விடியலிலேயே புறப்பட்டுப் பாலம் வரைக்கும் வந்திருக்கிறான், சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒன்று வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதுவும் கருவாட்டுக்காரர் கொண்டுவந்த சேதிதான். முதுகில் அடிபட்டது வாசலில் தட்டினதாகுமா என்று சிரினோ கேட்டார். அவர் குரல் அப்போது நன்றாக இல்லை. அக்ரிப்பினா அன்றைக்கு என் அடுப்பருகே உட்கார்ந்து அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். கடற்கரை ஊர் தபால்காரருக்குப் பெண் பார்க்கிறார்களாமே என்றும் சொல்லிவைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள், ரொட்டியை எடுக்காமல்.

வெனெரா அழவில்லை. அவள் என்ன செய்தாள் என்பதை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் அகப்பையுமாக அந்தக் கறுப்புச் சுவரில் ஏறுவாள். சியாரா என்று நாங்கள் சொல்வது, உறைந்த நெருப்பு. கண்ணாடித் துண்டுகளைக் குவித்து வைத்த மாதிரி இருக்கும், கை வைத்தால் கிழிக்கும். அதன்மேல் ஒரு இடத்தில் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றுவாள். உதடு அசையும். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு அகப்பை. ஜெபம் சொல்கிறாள் என்று நான் தெருவுக்கெல்லாம் சொன்னேன். பெண் பாவம், புத்தி கலங்கிவிட்டது என்றும் ஒரு வீட்டில் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை மலை வாயை மூடியது. அதே நாள் கருவாட்டுக்காரர் அக்கரைக்குக் கிளம்பும்போது வெனெரா அவரிடம் நின்று நெடுநேரம் பேசினாள். எனக்கு நெத்திலி தேவையில்லை, இருந்தும் வாங்கப் போனேன். நான் போவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கோஸ்தாவில் என் காதுக்கு எட்டாத பேச்சு என் நினைவில் அது ஒன்றுதான்.

மூன்றாவது ஞாயிறு. சிரினோ மறுபடி சவரம், மறுபடி தொப்பி. நாற்காலியில் உட்கார்ந்து, நிலைக்கு மேலே தெரிந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டியது. இங்கே சூரியன் கடலுக்குப் போவதில்லை, மலைக்குப் பின்னால் போகிறது, அதனால் எங்களுக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். வெனெரா இன்றைக்கு அந்தக் கோடியில் உட்காரவில்லை. சித்தப்பாவின் கூரைமேல் நின்றாள். கூரையிலிருந்து பார்த்தால்தான் சியாராவின் முதுகு தெரியும்.

"வர்றார்," என்றாள்.

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். ஐந்து வீடும் ஏணியில் ஏறியது. என் வயதுக்கு நானும் ஏறினேன்.

தூரத்தில் இரண்டு கதவு நடந்து வந்தது. முதலில் அப்படித்தான் தெரிந்தது. பிறகுதான் கதவுக்குக் கீழே கால் தெரிந்தது. ஒராசியோ காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முன்கதவையும் பின்கதவையும் ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் கட்டிச் சுமந்து வந்தான். ஓரத்தில் ஆறியிருந்தது, அங்கே நடந்தான். நடுவில் சுமார் முப்பதடி அகலத்துக்கு மேலோடு வெடித்திருந்தது. பகலிலேயே வெடிப்புக்குள் சிவப்புத் தெரிந்தது, நீங்கள் கண்ணை மூடி வெயிலைப் பார்த்தால் தெரிகிற சிவப்பு. அங்கே வந்ததும் கதவுகளை இறக்கினான். ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் நின்றான். மற்றதை முன்னால் தள்ளிப் போட்டு அதில் ஏறினான். திரும்பி, பின்னால் கிடந்ததை இழுத்து முன்னால் போட்டான்.

"அது என் பின்கதவு," என்றார் கீழேயிருந்து சிரினோ. அவரும் ஏணியில் பாதி ஏறியிருந்தார்.

"யாரும் இனிமே ஏறாதீங்க," என்றார் நுன்சியோ. "பாதி விட்டம் இது. யார் புண்ணியத்துலன்னு நான் சொல்ல வேண்டாம்." அவர் சொல்லி முடிப்பதற்குள் காலடியில் அந்த முனகல் கேட்டது, அன்றைக்கு என் வயிற்றில் கேட்ட அதே முனகல். ஒருத்தரும் இறங்கவில்லை. மூச்சை மட்டும் குறைத்துக்கொண்டோம்.

நாலாவது மாற்றலில் பின்கதவின் ஓரத்தில் புகை வந்தது. பிறகு தீ. அவன் முன்கதவில் நின்றுகொண்டு எரிகிற கதவை இழுக்கப் பார்த்தான், கை சுட்டு விட்டுவிட்டான். முன்னால் இன்னும் ஒரு கதவு நீளத்துக்குச் சிவப்பு. கையில் ஒரு கதவுகூட இல்லை. இருந்த ஒன்றின்மேல்தான் நின்றுகொண்டிருந்தான், அதிலும் கீழே புகை கிளம்பியது. அக்ரிப்பினா என் தோளில் நகத்தைப் பதித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

வெனெரா கையை நீட்டி இடது பக்கம் காட்டினாள். அங்கே, இடது பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அகப்பையோடு ஜெபம் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றி, அது வற்றுகிற வரைக்கும் எண்ணியிருக்கிறாள். எங்கே நிறைய நேரம் வற்றாமல் நின்றதோ, அது ஆறின இடம். அதைத்தான் கருவாட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வழியைப் போட்டவள் அவள். அவன் நடந்தான், அவ்வளவுதான்.

அவனுக்கு அவள் காட்டியது தெரிந்தது. தட்டுவதற்குக் கதவு வேண்டும், அதனால் வெடிப்புகளுக்கு நடுவே கறுத்திருந்த மேலோட்டில் இறங்கிக் கதவைத் தூக்க வேண்டும், அதோடு அந்த மேட்டுக்குத் தாவ வேண்டும். இறங்கிக் குனிந்து தூக்கினான், கதவு ஒரு பக்கம் சாய்ந்து அவனையும் இழுத்தது.

அப்போது என் காதருகே ஒரு குரல் கிளம்பியது. சிரினோ எப்போது கூரைக்கு வந்தாரோ தெரியவில்லை.

"கீல் பக்கம் கனம் அதிகம்டா. கீல் பக்கத்தைத் தோள்ல வை. ரெண்டு கீல், ரெண்டும் இரும்பு. நான் போட்டது. மேல் கீலப் பிடி. பிடிச்சியா? இப்ப எறி. முதல்ல கதவ எறி, அப்புறம் நீ."

அவன் எறிந்தான். பிறகு தாவினான். மேடு தாங்கியது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஆறின இடம். அவன் சுவரிலிருந்து எங்கள் தெருவில் இறங்கியபோது சாக்கு கருகி, கால் கொப்புளித்து, கை சிவந்து, முன்கதவின் அடிப்பக்கம் அரை அடிக்குக் கரியாகியிருந்தது. நேராகச் சிரினோவின் வாசலுக்குப் போனான். நிலையில் கதவை நிறுத்திச் சாய்த்தான். கீல் மாட்ட நேரமில்லை, சூரியன் மலை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு வெளியே வந்து, அதைத் தட்டினான்.

சிரினோ அதற்குள் ஏணியில் இறங்கி உள்ளே ஓடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூரையில்லாத அறை, நாங்கள் எல்லோரும் மேலேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொப்பியைச் சரிசெய்தார். வாயைத் திறக்கவில்லை. அவன் மறுபடி தட்டினான். சூரியனில் ஒரு நகக்கீற்று மிச்சம். கேட்காவிட்டால் வந்தவன் வராதவன். தோப்பு போனது, கூரை போனது, அவர் பேச்சு ஒன்றுதான் மிச்சம், அதையும் விடவேண்டும்.

"அண்ணே," என்றார் நுன்சியோ மேலேயிருந்து, ரொம்ப மெதுவாக. "கேளுண்ணே."

சிரினோ தொண்டையைக் கனைத்தார்.

"யாரு?" என்றார், கோபமாக.

பையன் பெயரைச் சொன்னான். கதவு திறக்கவில்லை; கீல் மாட்டாததால் உள்பக்கமாக விழுந்தது. சிரினோ காலைத் தூக்கிக்கொண்டார்.

அவர்களுக்கு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு நான்தான் ரொட்டி சுட்டேன். மெல்கியோரா சியாராவில் கால் வைக்கமாட்டேன் என்று வண்டியில் கடற்கரை வழியாகச் சுற்றி வந்தாள், பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது வந்து சேர்ந்தாள். வண்டியில் ஓடுகளும் பாதி விட்டமும் இருந்தன. ஒராசியோ மாமனார் பாதிக்கு மறுபடி கூரை போட்டு, வெனெராவோடு அங்கேயே குடியேறினான். இரண்டு பாதி விட்டத்தையும் இரும்புப் பட்டை வைத்துப் பிணைத்திருக்கிறான், முனகல் நின்றுவிட்டது. கரிந்த கதவை மாற்றவில்லை. வெனெரா மாற்ற விடவில்லை.

சிரினோவும் அக்ரிப்பினாவும் கடற்கரை ஊருக்கு, அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மலை தெரியாத பக்கம் ஜன்னல் உள்ள அறையாகக் கேட்டு வாங்கினாராம். தபால்காரருக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது, நான் சொன்ன இடம்தான்.

மறு வருஷம் மெல்கியோரா அக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து தங்கிவிட்டாள், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம். காலையில் மகனைத் திட்டுவாள், பகலில் மருமகளை, பொழுது போகாத நேரத்தில் சுவர் வழியாக நுன்சியோவை. எரிகிற மலை வாசல்வரை வந்தும் அசையாத மனிதர் அவர். பதினோரு மாதம் தாங்கினார். ஒருநாள் காலையில் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறப் போய்விட்டார். அவர் போனதை நான்தான் முதலில் பார்த்தேன். தரை கழுவியிருந்தது. மேசையில் என் விரிப்பு. அதன்மேல் ஒரு ரொட்டியும் ஒரு குவளை ஒயினும். கதவு விரியத் திறந்திருந்தது.